புத்தகம் திறந்திருந்தும் தோற்றேன்: பிளாக் பெல்ட் தேர்வு, இரண்டாம் முறை

போன வியாழக்கிழமை மத்தியானம் திருவனந்தபுரத்துத் தேர்வு மையத்தில் சிக்ஸ் சிக்மா பிளாக் பெல்ட் தேர்வின் முடிவு அச்சான அந்த ஒற்றைத் தாளைக் கையில் வாங்கியதும் முதலில் மதிப்பெண்ணைத்தான் தேடினேன். இல்லை. தேர்ச்சி என்று மட்டும் இருந்தது. தேர்வை நடத்தும் அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்க்யூவின் வழக்கம் அப்படி. தோற்றவர்களுக்குத்தான் மதிப்பெண்ணும், எந்தப் பகுதியில் எவ்வளவு ஓட்டை என்கிற கணக்கும் தருவார்கள். போன வருடம் எனக்கு அது விலாவாரியாகவே வந்தது: 750க்கு 521. வேண்டியது 550. அந்தத் தாளை பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். சனிக்கிழமை எடுத்துக் கிழித்துப் போட்டேன்.

நான் மாநில அரசின் ஒரு முகமையில் செயல்முறை மேம்பாட்டுக்கான மூத்த ஆலோசகர். பெயர்தான் பெரிது. எந்த மனு எந்த மேசையில் எத்தனை நாள் உறங்குகிறது என்று பார்த்து, அதை எழுப்ப வழி சொல்லும் வேலை. அதற்கு முன்பு 19 வருடம் கோப்புப் பிரிவிலேயே கிடந்தேன். வீடு கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில். வேலையில் வரும் பிழைகளைப் புள்ளிவிவரம் வைத்துக் குறைக்கும் முறைதான் சிக்ஸ் சிக்மா. அதைப் படிக்கிறேன் என்றால் இங்கே பலரும் கராத்தே என்றுதான் நினைக்கிறார்கள். பெல்ட் என்று வேறு வருகிறது அல்லவா. இந்தத் தேர்வு பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலைக்காரர்கள். அரசு அலுவலகத்திலிருந்து போகிறவர்களுக்கு வேறு விதமான பள்ளங்கள் உண்டு. அதற்காகத்தான் இது.

என் பள்ளம் ஒன்றே ஒன்று. புத்தகத்தைத் திறந்து பார்த்து எழுதலாம் என்ற விதி.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் ஒரு மூத்த கண்காணிப்பாளர் சொன்னார்: "பிள்ளே, கோப்பைப் பார்க்காம ஒரு வரி எழுதாத. உனக்குத் தெரிஞ்சதுன்னாலும் பாத்துட்டு எழுது." 19 வருடம் என்னைக் காப்பாற்றிய வாக்கு அது. தேர்வில் என்னைக் கவிழ்த்ததும் அதுதான். முதல் முறை ஆறு புத்தகங்களைச் சக்கரப் பெட்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போனேன். ஒரு செயல்முறை வேண்டிய எல்லைக்குள் நிற்குமா என்று அளக்கும் சிபிகே சூத்திரம் எனக்கு உறக்கத்தில் கேட்டாலும் வரும். அதையும் திறந்து பார்த்தேன். எந்தப் புள்ளியியல் சோதனை, கை-வர்க்கமா, அனோவாவா என்று தெரிந்த பிறகும் ஒருமுறை சரிபார்த்தேன். 165 கேள்வி, 4 மணி 18 நிமிடம். வகுத்துப் பாருங்கள், ஒரு கேள்விக்கு ஏறக்குறைய 94 விநாடி. ஒருமுறை புத்தகத்தைப் புரட்டினால் இரண்டரை நிமிடம் போய்விடும். நான் குறைந்தது ஐம்பது தடவை புரட்டியிருப்பேன். இரண்டு மணி நேரம் காகிதத்தின் ஓசையிலேயே போயிற்று. நேரம் முடிந்தபோது 23 கேள்விகளை நான் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு தட்டியிருந்தாலே ஐந்தாறு விழுந்திருக்கும்.

இந்த முறை ஒரே ஒரு நோட்டு. நாகர்கோவிலில் வாங்கிய, தைத்துக் கட்டிய, கெட்டி அட்டை நோட்டு. உதிரித் தாள் உள்ளே விடமாட்டார்கள், எல்லாம் கட்டப்பட்டிருக்க வேண்டும். கேள்வி-விடைத் தொகுப்பும் கூடாது. நாற்பது பக்கம், என் கையெழுத்தில், பாதி தமிழ் பாதி ஆங்கிலம். பின்பக்கம் இசட், டி, கை-வர்க்கம், எஃப் என்ற புள்ளியியல் சோதனைகளின் அட்டவணைகளை ஒட்டியிருந்தேன். அட்டவணைக்காகத் தவிர மொத்தம் ஏழு தடவைதான் திறந்தேன். எண்ணிக்கொண்டே இருந்தேன், அதனால் தெரியும். கூடவே ஒரு தடித்த புத்தகமும் கொண்டு போனேன். அது தைரியத்துக்கு மட்டும். கடைசிவரை தொடவே இல்லை.

நினைவாற்றல் நல்லாயிருக்கிறவர்களுக்கும் பதற்றமே இல்லாதவர்களுக்கும் இந்த யோசனை மிகையாகப் படலாம். எனக்குத் தெரியாது. நான் இரண்டும் இல்லை.

நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

— எண்ணுகிறதா, அளக்கிறதா?
— எத்தனை குழு?
— அதே ஆளா, வேறு ஆளா?

கணக்குக் கேள்வி எது வந்தாலும் முதலில் இந்த மூன்றுக்கும் விடை சொல்லிக்கொள்வேன். அளப்பது, இரண்டு குழு என்றால் டி. மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் அனோவா. அதே ஆட்களை முன்னும் பின்னும் அளந்தால் ஜோடி டி. எண்ணி வகை பிரித்தால் கை-வர்க்கம். இரண்டு சிதறல்களை ஒப்பிட்டால் எஃப். ஒரு வேலை நாளுக்கு நாள் எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும் கட்டுப்பாட்டு வரைபடத்துக்கும் இதே கேள்விகள்தான். அரசு அலுவலகக்காரர்களுக்கு இங்கே ஒரு சின்ன அதிர்ஷ்டம் உண்டு. நம்மிடம் மில்லிமீட்டர் கிடையாது, எண்ணிக்கை மட்டும்தான். நூறு மனுவில் எத்தனை திருப்பி அனுப்பப்பட்டது? பி சார்ட். ஒரு மனுவில் எத்தனை பிழை, அதுவும் தினமும் மனுக்களின் எண்ணிக்கை மாறும்போது? யு சார்ட். எண்ணிக்கை மாறாவிட்டால் என்பி, சி. தொழிற்சாலை நண்பர்கள் தடுமாறும் இடம் இது. நமக்குப் பழகிய சாலை.

ஆனால் அளவுகளின் சராசரியையும் வீச்சையும் காட்டும் எக்ஸ்-பார், ஆர் வரைபடம் நமக்கு வெறும் படம். அதை மட்டும் தனியாக ஒரு மாதம் படித்தேன். பொறியியல் படிக்கிற மகன் உதவினான். "அம்மா, ஐந்து மாதிரி என்றால் ஏ2 0.577, இதை மட்டும் மறக்காதே" என்று, வரைபடத்தின் எல்லையைப் போட உதவும் அந்த எண்ணை அடுக்களைச் சுவரில் ஒட்டி வைத்தான். இடவப்பாதி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்த ராத்திரிகளில் எமர்ஜென்சி விளக்கை வைத்துப் படித்தேன். மாமி எழுந்து வந்து, "பிள்ளே, இன்னும் ஒறங்கலியா, இந்த வயசிலயா பரீச்சை?" என்று கேட்டுவிட்டுச் சுக்குக் காப்பி போட்டுத் தருவார். 76 வயது. மறுநாள் காலையில் அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் என் பரீச்சையைப் பற்றிச் சொல்லியும் விடுவார். தோற்ற செய்தி தெருவுக்கே தெரிந்தது அப்படித்தான்.

இனி வேலை அனுபவம் எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது என்று.

கைகொடுத்தவை:

லிட்டில் விதி. நிலுவையை ஒரு நாளில் முடியும் எண்ணிக்கையால் வகுத்தால் காத்திருப்பு நாள் வந்துவிடும். இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன். எங்கள் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது இல்லையா, அதனால் பழைய நில ஆவணங்கள் மலையாளத்தில் இருக்கும். அந்தப் பழைய எழுத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கத் தெரிந்தவர் நாங்கள் ஆராய்ந்த அலுவலகத்தில் ஒரே ஒருவர். அவர் மேசையில் 180 கோப்பு. நாளொன்றுக்கு ஆறு முடிப்பார். 30 வேலை நாள். மற்ற மேசைகளை எவ்வளவு விரட்டினாலும் இந்த 30 குறையாது, அவர் மேசையில் குவியல்தான் கூடும். மனு வாங்கும் இடத்திலேயே எதற்குப் பழைய ஆவணம் உண்மையில் தேவை, எதற்குத் தேவையில்லை என்று பிரித்தோம். பாதிக்கும் மேல் அவரிடம் போக வேண்டியதே இல்லை. தேர்வு எழுதக் காட்ட வேண்டிய என் தகுதித் திட்டமாகவும் அதுதான் ஆயிற்று. தேர்வில் தடைப்புள்ளி பற்றி வந்த கேள்விகள் எல்லாவற்றிலும் அந்த அண்ணாச்சியின் முகம்தான் தெரிந்தது.

தொடர் விளைச்சல். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஐந்து கை மாறும் மனு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கையிலும் 95 சதவீதம் முதல் முறையே சரி. கூட்டத்தில் ஒவ்வொருவரும் 95 என்று சொல்லி உட்காருவார்கள். 0.95ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.77. மனுதாரருக்குக் கிடைப்பது அந்த 77. அவர் திட்டுவதில் நியாயம் இருக்கிறது.

எப்போதும் இருக்கும் பொதுக் காரணம், புதிதாக முளைக்கும் தனிக் காரணம். நிலுவை போன மாதத்தைவிடக் கொஞ்சம் கூடினால் விளக்கம் கேட்டு மெமோ, குறைந்தால் பாராட்டு. கட்டுப்பாட்டு எல்லைகளுக்குள் ஏறி இறங்குவதற்கெல்லாம் மெமோ கொடுத்தால் சிதறல் கூடத்தான் செய்யும். தர நிபுணர் டெமிங் தம் புனல் சோதனையில் காட்டியது இதைத்தான். அந்தக் கேள்வி வந்தபோது சிரித்துவிட்டேன். தேர்வு அறைக் கண்காணிப்பாளர் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

காலை வாரியவை: குழு மேலாண்மைக் கேள்விகள். குழுவில் ஒருவர் ஒத்துழைக்கவில்லை, என்ன செய்வீர்கள்? என் 19 வருடம் சொல்லும் விடை: மேலதிகாரிக்குக் குறிப்பு வைப்பேன். தேர்வு எதிர்பார்க்கும் விடை: அவரிடமே பேசுவேன், குழு வகுத்த விதிகளுக்குத் திரும்புவேன். திட்ட எல்லை விரிந்துகொண்டே போகிறதா? நாம் வாய்மொழி உத்தரவுக்குக் காத்திருப்போம். அவர்கள் திட்டத்தின் எல்லையை எழுதி வைத்த சாசனத்தை எடுத்து, திட்டத்துக்கு ஆதரவு தரும் மேலதிகாரியோடு உட்காரச் சொல்வார்கள். முதல் முறை இந்தப் பகுதியில்தான் எனக்கு மிக மோசமான சதவீதம், கணக்கில்கூட இல்லை. இரண்டாம் முறை ஒரு தந்திரம் வைத்திருந்தேன்: நம் ஆபீஸில் எது நடக்கும் என்று தோன்றுகிறதோ அந்த விடையை முதலில் அடித்துவிடு. நான்கில் மூன்றுதான் மிஞ்சும். கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

அப்புறம் சில்லறை விஷயங்கள். இவற்றில் நான் பட்டதும் உண்டு, பார்த்ததும் உண்டு.

- செய்து முடித்த திட்டத்துக்கான உறுதிமொழிப் படிவம். தேர்வு எழுத இரண்டு திட்டம் வேண்டும், அல்லது ஒரு திட்டமும் மூன்று வருட அனுபவமும். கையெழுத்துப் போட வேண்டியவருக்கு மாறுதல் வரும் முன் வாங்கிவிடுங்கள். எனக்குக் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி ராமநாதபுரம் போய்விட்டார். ஒரு படிவத்துக்காக எட்டு மணி நேரப் பேருந்து, போக வர.
- பெயர். பதிவில் இனிஷியலோடு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து இருந்தால் வாசலிலேயே சிக்கல். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். முன்கூட்டியே திருத்துங்கள்.
- 15 கேள்விக்கு மதிப்பெண்ணே கிடையாது. எவை என்று சொல்லமாட்டார்கள். கேள்விப்படாத ஏதோ ஒன்று வந்தால் அது அந்த 15இல் ஒன்று என்று வைத்துக்கொண்டு நகருங்கள். உண்மையோ பொய்யோ, மனசுக்கு நல்லது.
- ஆறு சிக்மா என்றால் பத்து லட்சத்தில் 3.4 பிழை. அது, செயல்முறை காலப்போக்கில் 1.5 சிக்மா நகரும் என்று சேர்த்த பிறகு வருவது. நேரடியாக 6க்கு அட்டவணை பார்த்தால் வேறு எண் வரும். முதல் முறை இதில் ஏமாந்தேன்.
- பல காரணிகளை ஒன்றாக மாற்றிப் பார்க்கும் சோதனை வடிவமைப்பு எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எல்லாச் சேர்க்கைகளையும் சோதிக்காமல் ஒரு பகுதியை மட்டும் சோதிக்கும் பின்னத் திட்டத்தில், ரிசொலூஷன் 3, 4, 5 என்ற தரநிலைகளின் வித்தியாசத்தை மட்டும் உருப்போட்டேன். மீதியை விட்டேன். எல்லாவற்றையும் பிடிக்க ஓடாதீர்கள் என்று சொல்லமாட்டேன், நான் ஓடவில்லை, அவ்வளவுதான்.
- காலை ரயிலை நம்பாதீர்கள். முதல் முறை பாறசாலையில் கிராசிங்குக்குப் போட்டுவிட்டார்கள், மையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். இந்த முறை முந்தின நாளே போய் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினேன். மரச்சீனியும் மீன் குழம்பும் போட்டார்கள். பரீச்சைக்கு முந்தின ராத்திரி அது வேண்டாம்.

மூன்று சுற்றாக எழுதினேன். முதல் சுற்றில் நோட்டைத் தொடாமல் தெரிந்தது மட்டும். 110 கேள்வி, 130 நிமிடம். இரண்டாவதில் கணக்குகள். மூன்றாவதில் குறியிட்டு வைத்தவை. பத்து நிமிடம் மிச்சமிருந்தது. பழைய பழக்கம், முதல் கேள்வியிலிருந்து திரும்பச் சரிபார்க்கக் கை போயிற்று. கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். முடித்துவிட்டேன் என்று தட்டியது அப்படித்தான்.

பலர் கேட்பார்கள், அலுவலகம் கட்டணம் தருமா என்று. முதல் முறை கேட்டதற்கு, "இது எந்தக் கணக்குத் தலைப்பில் வரும்?" என்று தணிக்கைக் குறிப்புப் போட்டுத் திருப்பினார்கள். இந்த முறை தேர்ச்சித் தாளின் நகலோடு திங்கட்கிழமை மறுபடி கோப்பு வைத்திருக்கிறேன். இன்று காலை அது நான்காவது மேசையில் இருந்தது. அங்கே நிலுவை 132. நாளொன்றுக்கு மூன்று முடிகிறது. 44 வேலை நாள், திருப்பாமல் இருந்தால்.