நெல் குதிரில் கிடந்த தீர்ப்பு

தேவகோட்டையில் நான் வக்கீல் குமாஸ்தா. இருபத்தாறு வருடமாகிறது. போன வருடம் கண்டனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மகனுக்கு சிவகங்கை செஷன்ஸ் கோர்ட்டில் ஏழு வருடத் தண்டனை.

"தீர்ப்பு வச்சிருக்கியாத்தா?" என்று கேட்டேன். மஞ்சள் பையிலிருந்து எடுத்தார். மடிப்பைப் பிரித்ததும் மேஜையெல்லாம் நெல் உமி. தண்டனை பெற்றவருக்குக் கோர்ட் இலவசமாகத் தரும் நகல் அது. வேனில் ஏறும்போது மகன் அம்மா கையில் திணித்திருக்கிறான். பார்க்கவே பிடிக்காமல் குதிருக்குள் போட்டுவிட்டாராம். உமியைத் தட்டிவிட்டு தேதியைப் பார்த்தேன். 94 நாள் ஓடியிருந்தது.

"முப்பது நாள்தான் கணக்காம், இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னு ஒருத்தர் சொல்லிட்டாரு தம்பி."

அந்த 30 நாள், மாஜிஸ்திரேட் கோர்ட் தண்டனையை எதிர்த்து செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போவதற்கு. இந்த மாதிரி செஷன்ஸ் தண்டனைக்கு ஹைகோர்ட் போக 60 நாள் உண்டு. சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டுக் காத்திருந்த நாட்களையும் கழித்துக்கொள்ளலாம். அதுவும் தாண்டினால், தாமதத்தை மன்னிக்கக் கேட்டு ஒரு மனு; காரணம் உண்மையாகவும் கோர்ட் ஏற்கும்படியும் இருக்க வேண்டும்.

எனக்கு ஆற்றாமை அதில்கூட இல்லை. அப்பீல் செலவுக்கென்று கண்மாய்க்குக் கீழே இருந்த அரை ஏக்கரை விற்க அந்த அம்மா ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஜெயிலில் இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே அப்பீல் கொடுக்கலாம். காவலில் இருந்தாலே இலவச சட்ட உதவிக்குத் தகுதி, வருமானம் பார்ப்பதில்லை. 2024 ஜூலை 1-இல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்து, 374 என்று நாங்கள் சொல்லிப் பழகிய அப்பீல் பிரிவு 415 ஆகிவிட்டது. ஆனால் இந்த உரிமைகள் எதுவும் போகவில்லை. இதைத் தீர்ப்பு நாளிலேயே யாராவது அவரிடம் பொறுமையாகச் சொல்லியிருக்கக் கூடாதா?

சரி, ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போனோம். 2004-க்கு முன்னால் என்றால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். தாமதம் மன்னிக்கப்பட்டது. அப்புறம் தண்டனையை நிறுத்திவைக்கும் மனு. அப்பீல் முடியும்வரை ஜாமீன் கிடைத்தது. தண்டனை ரத்தாகிவிட்டதாக நினைத்து அந்த அம்மா அழுதார். இல்லை, இன்னும் வாதமே நடக்கவில்லை என்று நான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அப்பீல் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. பையன் மாதம் ஒருமுறை சிவகங்கை போய்க் கையெழுத்துப் போட்டு வருகிறான். அரை ஏக்கரில் இந்த வருடம் அவனே நாற்று விட்டிருக்கிறான்.