தலைக்கு வரும் திருவடி, திருவடிக்குப் போகும் தலை

எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல், ஆத்தூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெருமாளைப் பத்தடி தள்ளி நின்றுதான் பார்த்திருக்கிறேன். கர்ப்பகிருக வாசற்படிக்குக் குலசேகரன்படி என்று பெயர். உன் சந்நிதியில் படியாகவாவது கிடக்க வேண்டும் என்று திருவேங்கடவனிடம் கேட்ட ஆழ்வாரின் பெயரைத் தாங்கிய படி அது. அதற்கு அப்பால் பட்டாச்சாரியார் மட்டுமே போவார். கற்பூர ஒளியில் ஒரு கணம் திருமுகம் தெரியும். பிறகு தீர்த்தம், துளசி, சடாரி. பெருமாளின் திருவடிகளைத் தன்மேல் தாங்கிய அந்த வெள்ளிக் கவசம் நம் தலையில் வந்து அமரும்போது, அவ்வளவு தூரத்தில் நின்றவர் நம்மைத் தேடி வந்துவிட்டதாக இருக்கும். நம்மாழ்வாருக்குச் சடகோபன் என்று பெயர். அவரே திருவடி நிலையாக நம் தலைக்கு வருகிறார் என்று அம்மா சின்ன வயதில் சொல்லித் தந்தார். திருவடி தலைக்கு வரும், தலை திருவடிக்குப் போகாது. இதைத் தவிர வேறொரு முறை இருக்க முடியும் என்று நான் எண்ணியதே இல்லை.

மகாராஷ்டிரத்தில் விட்டலன் என்ற பெயரில் பெருமாள் நிற்கும் பண்டரிபுரம், பெயர் மட்டும் சிறுவயதிலிருந்தே காதில் இருந்தது. மார்கழி விடியலில் எங்கள் தெருவில் வரும் பஜனை கோஷ்டி திருப்பாவைக்குப் பிறகு அபங்கம் என்னும் மராத்திப் பக்திப் பாட்டுகள் இரண்டு மூன்று பாடுவார்கள். பொருள் யாருக்கும் தெரியாது, மெட்டு எல்லாருக்கும் தெரியும். பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் மராட்டியர் ஆட்சி ஏற்பட்ட பிறகு அந்தப் பாடல்கள் தமிழ்நாட்டு பஜனை மரபில் கலந்தன என்பதை நான் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். கையை இடுப்பில் வைத்துச் செங்கல்மேல் நிற்கும் அந்தச் சாமியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று 76 வயதில் அம்மா கேட்டார். அவருடைய முழங்கால் இன்னும் எத்தனை நாள் ஒத்துழைக்கும் என்று தெரியாது. அதனால் உடனே கிளம்பினோம்.

நாங்கள் போனது தை மாத வளர்பிறை ஏகாதசியை ஒட்டி. அங்கே அதை மாகி ஏகாதசி என்கிறார்கள். நமக்கு ஏகாதசி என்றால் மார்கழியில் சொர்க்கவாசல் திறக்கும் வைகுண்ட ஏகாதசிதான். அவர்களுக்கு எல்லாவற்றிலும் பெரியது மழைக்காலத்தில் வரும் ஆஷாட ஏகாதசி. மராத்தி மகான்களில் ஞானேஸ்வரரின் பாதுகைகள் ஆளந்தியிலிருந்தும், துக்காராமின் பாதுகைகள் தேஹுவிலிருந்தும் பல்லக்கில் ஏறி, லட்சக்கணக்கானவர்கள் சூழ ஏறக்குறைய மூன்று வாரம் நடந்து பண்டரிபுரம் வந்து சேரும் நாள் அது. அந்தக் கூட்டத்தில் அம்மாவை அழைத்துப் போக எனக்குத் துணிவில்லை. மாகி ஏகாதசிக்கும் கூட்டம் உண்டு, ஆனால் நிற்கத் தரை கிடைக்கும் என்றார்கள்.

சேலத்தில் மும்பை ரயில் ஏறி, சோலாப்பூரில் இறங்கி, அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர் பஸ். வழியெல்லாம் கரிசல் மண், சோளக்காடு, கரும்பு. எங்கள் ஊர்ச் சாயல் கொஞ்சமும் இல்லை என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தார்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என் கண் தானாக மேலே கோபுரத்தைத் தேடியது. ஊருக்குள் நுழையும் முன்பே கோபுரம் தெரிந்துவிடும் நாட்டிலிருந்து போனவளுக்கு அது பழக்கம். அங்கே கோயில் கடைத்தெருவின் நெரிசலுக்கு நடுவில் வீடுகளோடு வீடாக இருக்கிறது. ஜால்ரா விற்கும் கடை, துளசிமணி மாலைக் கடை, பொரியும் பத்தாசு என்னும் சர்க்கரை மிட்டாயும் மலைபோல் குவித்த கடை, கறுப்பாகப் புக்கா என்னும் வாசனைப்பொடி விற்கும் கடை, இவற்றைத் தாண்டித் திரும்பினால் மகாத்துவாரம். அதன் முதல் படி நாமதேவர் படி. தையல் குலத்தில் பிறந்த அந்த மகான், விட்டலனைப் பார்க்க வரும் அடியார்களின் பாதத் தூளி தன்மேல் விழ வேண்டும் என்று வேண்டி அங்கேயே அடங்கினார் என்பது மரபு. யாரும் அதை மிதிப்பதில்லை. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தாண்டிப் போகிறார்கள்.

நான் அங்கே வெகுநேரம் நின்றேன். எங்கள் ஆழ்வாரும் படியாகக் கிடக்கத்தான் ஆசைப்பட்டார். எங்கள் படி கருவறை வாசலில், சாமியின் பக்கமாக இருக்கிறது. இவர்கள் படி தெருவாசலில், ஜனங்களின் பக்கமாக இருக்கிறது. இருவரும் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டிருக்க வாய்ப்பில்லை, இடையில் சில நூற்றாண்டுகள், மொழியும் வேறு. அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் மறுபடியும் குனிந்து அந்தப் படியைத் தொட்டார்.

அந்தப் படிக்கு நேர் எதிரே சோகாமேளர் என்ற அடியாரின் சமாதி. மகர் குலத்தில் பிறந்ததால் கோயிலுக்குள் விடப்படாதவர். மங்கள்வேடையில் மதில் இடிந்து விழுந்து இறந்துபோன அவருடைய எலும்புகளில் விட்டல நாமம் ஒலித்ததாகவும், அதை வைத்தே நாமதேவர் அடையாளம் கண்டு எடுத்துவந்து இங்கே வைத்ததாகவும் சொல்கிறார்கள். திருப்புன்கூரில் நந்தனாருக்காக நந்தி விலகிய கதையைக் கேட்டு வளர்ந்தவளுக்கு இதைக் கேட்டுத் தொண்டை அடைத்தது. அந்த வாசல் எல்லோருக்கும் திறக்க 1947 வரை ஆயிற்று. அந்த மே மாதத்தில் காந்தியவாதியான சானே குருஜி உண்ணாவிரதம் இருந்தார், பிறகுதான் திறந்தது. மதுரை மீனாட்சி கோயிலில் 1939-இல் நடந்த ஆலயப் பிரவேசத்தைப் பள்ளியில் எத்தனையோ தடவை பாடம் நடத்தியிருக்கிறேன். இங்கே அந்த வாசலின் எதிரிலேயே, ஆறேழு நூற்றாண்டாகக் காத்திருப்பவரின் சமாதியும் இருக்கிறது. எது வேறுபட்டாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர்களும் நாமும் ஒரே குற்றத்தைச் செய்தவர்கள். அதை மறைத்துவிட்டுப் பக்தியைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு வரிசையில் நின்றோம். அங்கே இரண்டு வரிசை. முகதரிசனம் என்பது தூரத்திலிருந்து பார்த்துவிட்டு விரைவில் வெளியேறுவது. பாதஸ்பரிச தரிசனம் என்பது திருவடியைத் தொட்டு வணங்குவது, அதற்கு மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அம்மாவுக்காக முதல் வரிசைக்குப் போகலாம் என்றேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு முகத்தை மட்டும் பார்ப்பதற்கு ஊரிலேயே இருந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

எங்களுக்கு முன்னால் ஒன்பது கஜப் புடவையில், தலையை முந்தானையால் மூடிய ஒரு கிராமத்துப் பாட்டி, எண்பது வயது இருக்கும். பின்னால் விஜயபுரா பக்கத்திலிருந்து வந்த ஒரு கன்னட அம்மாள். நான் ஓசூரில் நான்கு ஆண்டு வேலை பார்த்ததில் கற்ற கன்னடம் கொஞ்சம் இருந்தது. அந்த அம்மாளுக்கு மராத்தியும் வந்தது. ஒன்பது மணி நேரமும் அவர் வழியாகத்தான் பேசிக்கொண்டோம்.

பாட்டியைப் பார்த்து நானும் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டேன். அந்த ஊர் மரியாதை அதுதானே என்று நினைத்தேன். அம்மா சட்டென்று அதை இழுத்துவிட்டார். சுபகாரியத்துக்கு வந்த இடத்தில் முக்காடு போடுவார்களா என்று கோபம். நம்மிடம் முக்காடு துக்கத்துக்கும் தலைகுனிவுக்கும் உரியது. அங்கே தலையை மூடாமல் சாமி முன் நிற்பதுதான் குறை. கன்னட அம்மாள் இரண்டுக்கும் நடுவில் இருந்தார். புடவையைத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தார், தலையை மூடவில்லை. கடைசியில் நானும் அப்படியே செய்தேன்.

சற்று நேரத்தில் பாட்டி திரும்பி, "மாவுலி" என்று சொல்லிக்கொண்டே என் காலை நோக்கிக் குனிந்தார். பதறிப் பின்வாங்கினேன். வயதில் மூத்தவர் நம் காலில் விழுந்தால் நமக்கு ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்த உடம்பு அது. அம்மா பயந்தே போனார். அங்கே வார்க்கரிகள் எனப்படும் விட்டலன் அடியார்கள் வயது, சாதி பார்க்காமல் ஒருவர் காலை ஒருவர் தொடுவார்கள் என்று கன்னட அம்மாள் விளக்கினார். மாவுலி என்றால் தாய். ஞானேஸ்வரரைத்தான் அப்படி அழைப்பார்கள். பிறகு மீசை வைத்த ஆண்பிள்ளையும் மாவுலி, பொரி விற்கும் சிறுமியும் மாவுலி. ஒருவர் குனியும்போதே மற்றவரும் குனிய வேண்டும், அதுதான் முறை. அடுத்த தடவை பாட்டி குனிந்தபோது நானும் குனிந்தேன். எங்கள் தலைகள் மெல்ல உரசிக்கொண்டன. அவர் கழுத்தில் இருந்த துளசிமணி மாலை என் கையில் பட்டது. நம் ஊரில் துளசி பெருமாளின் தோளில் இருக்கும். அங்கே அதை அடியார் அணிகிறார். அணிந்த நாள் முதல் புலாலும் மதுவும் விலக்கு.

விட்டலன் யாருடைய சாமி என்று ஒரு பேச்சு வந்தது. எங்களுடையவர்தான் என்றார் கன்னட அம்மாள், கொஞ்சமும் சந்தேகம் இல்லாமல். ஞானேஸ்வரரே ஓர் அபங்கத்தில் விட்டலனைக் 'கானடா', 'கர்நாடகு' என்று அழைத்திருக்கிறார். புரந்தரதாசர் தம் பாடல் ஒவ்வொன்றிலும் வைத்த முத்திரை புரந்தர விட்டலன். கிருஷ்ணதேவராயர் இந்த மூர்த்தியை விஜயநகரத்துக்குக் கொண்டுபோனார் என்றும், மராத்தி மகான் ஏகநாதரின் கொள்ளுப்பாட்டனாரான பானுதாசர் மீட்டு வந்தார் என்றும் கதை. ஹம்பியில் அவ்வளவு பெரிய விட்டலர் கோயில் இன்று மூலவர் இல்லாமல் நிற்கிறது. இதையெல்லாம் அவர் மராத்தியில் பாட்டிக்கும் சொன்னார். பாட்டி மறுக்கவே இல்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, பிறந்த வீடு அங்கேயாக இருக்கலாம், இருப்பது இங்கே என்று மட்டும் சொன்னாராம்.

பகல் ஒரு மணிக்கு உள்ளே போனோம். வெளிச்சம், வியர்வை, துளசி வாசனை, "சலா, சலா" என்று விரட்டும் குரல்கள். எதிரே அவர். நம் சந்நிதிகளின் ஆஜானுபாகுவான மூலவரை எதிர்பார்த்த கண்ணுக்கு மிகவும் சிறியவர், நாலடிகூட இல்லை. காதில் மீன் வடிவக் குண்டலங்கள், இடுப்பில் இரு கைகள். குனிந்தால் நெற்றி படும் உயரத்தில் திருவடிகள். எத்தனையோ நூற்றாண்டு நெற்றிகளும் விரல்களும் பட்டுத் தேய்ந்ததால் வஜ்ரலேபம் பூசித்தான் அவற்றைக் காத்துவருகிறார்கள். தேயும் என்று தெரிந்தும் தொடுவதை நிறுத்தாத ஜனங்கள், தொடாமல் காத்துக் காத்து ஆயிரம் ஆண்டு மூர்த்திகளை அப்படியே நமக்குக் கொடுத்த முன்னோர்கள். எது உயர்வு என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன்.

அம்மாவால் குனிய முடியவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது. பின்னால் இருந்த கூட்டம் தள்ளியது. முன்னால் போய்விட்ட பாட்டி திரும்பி வந்து அம்மாவின் முதுகில் கை வைத்து, கழுத்தைப் பிடித்து, ஒரு குழந்தையைக் கிணற்றடியில் குளிப்பாட்டும்போது சாய்ப்பதுபோல் மெதுவாகச் சாய்த்தார். அம்மாவின் நெற்றி திருவடியில் பட்டது. அடுத்தது நான். கல் குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது வெதுவெதுப்பாக இருந்தது, எனக்கு முன்னால் போனவர்களின் நெற்றிச்சூடு. இரண்டு விநாடிதான், வெளியே வந்துவிட்டோம். நெற்றியில் ஒருவர் கறுப்புப் புக்காவை இட்டார். கறுப்பா என்று அம்மா ஒரு கணம் தயங்கினார், பிறகு ஹோம ரட்சைபோல என்று தானே சொல்லிக்கொண்டார்.

விரதத்துக்கு என்ன சாப்பிடுவது என்று நான் கவலைப்பட்டிருந்தேன். எங்கள் வீட்டில் ஏகாதசிக்குக் கோதுமை ரவை உப்புமா செய்வோம். அதைக் கேட்டுப் பாட்டி திகைத்தார். கோதுமை தானியம் ஆயிற்றே, அது எப்படி விரதம் என்று கேட்டார். ஒரு கடையில் இலைத்தொன்னையில் ஆவி பறக்க எதையோ வாங்கி எங்கள் கையில் கொடுத்தார். சாபுதாணா கிச்சடி. நெய்யில் சீரகமும் பச்சைமிளகாயும் தாளித்து, வேர்க்கடலைப் பொடி தூவியது. ஒரு வாய் எடுத்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஜவ்வரிசி.

எங்கள் வயல்களில் விளைவது குச்சிக்கிழங்கு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் தொடங்கிய தொழில், ஆத்தூர் வரை பரவிச் சேகோ ஆலைகள் ஆயிற்று. கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, பாலைத் தெளியவைத்து, மாவைக் குருணையாக உருட்டி, வறுத்து, களத்தில் வெள்ளை வெளேர் என்று காயவைப்பதைப் பார்த்தே வளர்ந்தோம். நமக்கு அது பாயசத்துக்கும் வடாமுக்கும்தான். மூட்டைகள் லாரியில் ஏறி மகாராஷ்டிரா போகும் என்று தெரியும். அங்கே யார் இவ்வளவையும் தின்கிறார்கள் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். வியாபாரம் என்று சொல்லிவிட்டார். அம்மா அந்தத் தொன்னையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். இது எங்கள் மண்ணில் விளைந்தது என்று பாட்டியிடம் சொல்லச் சொன்னார். கன்னட அம்மாள் சொன்னதும் பாட்டி அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்து, அதைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

துவாதசிக் காலையில் சந்திரபாகை ஆற்றங்கரையில் உட்கார்ந்து, ஊரிலிருந்து கட்டிவந்த நெல்லி வற்றலை வாயில் போட்டு அம்மா பாரணை செய்தார். அகத்திக்கீரை இல்லாத துவாதசி அவருக்கு அதுதான் முதல் தடவை. மீதி வற்றலைப் பாட்டியின் முந்தானையில் முடிந்துவிட்டார். பாட்டி ஒரு பொட்டலம் பொரி கொடுத்தார்.

ஊர் திரும்பிய வாரத்துச் சனிக்கிழமை எங்கள் பெருமாள் கோயிலுக்குப் போனோம். குலசேகரன்படிக்கு இப்பால், வழக்கமான இடத்தில் நின்றோம். கற்பூரம், தீர்த்தம், துளசி. பட்டாச்சாரியார் சடாரியோடு வந்தார். எப்போதும் கைகூப்பித் தலையை மட்டும் சாய்க்கும் அம்மா, என் தோளைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கிக் குனிந்துகொண்டே போனார். பட்டாச்சாரியார் கையை இன்னும் தாழ்த்த வேண்டியிருந்தது.