வெறும் வைரஸ்தான்

கனடாவில் சளி பிடித்த குழந்தையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். காதைப் பார்ப்பார், தொண்டையைப் பார்ப்பார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பார். அப்புறம், "வெறும் வைரஸ்தான், தானாகச் சரியாகிவிடும்" என்பார். ஊசி கிடையாது, மூன்று வேளை மாத்திரை கிடையாது, கலர் கலராக சிரப் கிடையாது. டொராண்டோவில் எங்கள் முதல் குளிர்காலம் முழுக்க இந்த வாக்கியத்தை நானும் கணவரும் மாறி மாறிக் கேட்டோம். பனியைப் பற்றி, மைனஸ் டிகிரியைப் பற்றி விமானம் ஏறும் முன்பே ஆளாளுக்கு எச்சரித்திருந்தார்கள். மருந்து தராத டாக்டரைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நாங்கள் வந்தது 2024 கோடையின் கடைசியில். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட். மேலே வீட்டுக்காரர்கள், யாழ்ப்பாணத்துக்காரர்கள், இங்கே வந்து முப்பது வருடத்துக்கும் மேலாகிறது. செப்டம்பரில் நாலு வயது மகள் ஜூனியர் கிண்டர்கார்டன் போனாள், ஒன்றரை வயதுச் சின்னவன் டேகேர் போனான். அக்டோபரில் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. மகள் ஒன்றைக் கொண்டுவருவாள், தம்பிக்குக் கொடுப்பாள். அவன் அதை வைத்திருந்து எங்களுக்குக் கொடுப்பான். நாங்கள் எழுந்து உட்காரும்போது டேகேரிலிருந்து அடுத்தது வந்திருக்கும்.

எங்கள் குழந்தைகளுக்குத்தான் ஏதோ குறை என்று நினைத்துப் பயந்துபோயிருந்தேன். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வருடத்துக்கு எட்டிலிருந்து பத்து தடவை சளி பிடிப்பது சாதாரணம் என்று கனடா குழந்தை மருத்துவர் சங்கமே சொல்கிறது. சளி ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் கூட இழுக்கும். அதில் பெரும்பங்கு குளிர்காலத்துக்குள் வந்து விழுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், குழந்தை ஒழுகாத மூக்கோடு இருக்கும் நாளைத்தான் தேட வேண்டும். குளிர் நேரடியாகச் சளியைக் கொண்டுவருவதில்லை. எல்லோரும் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கிறோம், ஹீட்டர் காற்றை உலர்த்திவிடுகிறது, ஒருவர் இருமினால் நாலு பேருக்கு ஒட்டுகிறது. புதிதாகக் கூட்டத்துக்குள் வந்த குழந்தைக்கு எல்லா வைரஸும் புதுசு.

ஆனாலும் அம்மாவுக்கு இதையெல்லாம் வாட்ஸ்அப் வீடியோவில் புரியவைக்க முடியுமா?

"டாக்டர் என்ன எழுதிக் கொடுத்தார்?"

"ஒண்ணும் எழுதலம்மா. நிறைய தண்ணி குடுக்கச் சொன்னார்."

"அதுக்கு எதுக்குடி டாக்டர்? ஒரு ஆன்டிபயாடிக்காவது கேட்டு வாங்கு."

வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், ராத்திரி இரண்டு மணிக்கு மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாமல் பிள்ளை அழும்போது, ஏதாவது ஒரு பாட்டிலைத் திறந்து ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தால்தான் அம்மா வேலையைச் செய்ததுபோல மனசு சொல்கிறது. இங்கே அந்த வழியும் இல்லை. கடையில் விற்கும் இருமல், சளி மருந்துகளை ஆறு வயதுக்குக் கீழே கொடுக்காதீர்கள் என்று அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா 2008-லேயே சொல்லிவிட்டது. காய்ச்சலுக்கு மட்டும் பாராசிட்டமால், இங்கே டைலனால் என்றால்தான் எல்லோருக்கும் புரிகிறது. ஆறு மாதம் தாண்டிய குழந்தை என்றால் ஐபுப்ரோஃபென் கொடுக்கலாம். அளவை எடையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் 2022 குளிர்காலத்தில் ஊர் முழுக்கக் கிடைக்காமல் போய், அரசாங்கமே வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததாம். மேல்வீட்டு அக்கா அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, தன் அலமாரியைத் திறந்து காட்டினார். பேரனுக்காக இரண்டு பாட்டில் எப்போதும் இருப்பில் இருக்கிறது.

பாட்டி வைத்தியத்திலும் பாதி அடிபட்டது. ஒரு வயது தாண்டியவனுக்குத் தூங்கும் முன் அரை ஸ்பூன் தேன், அதற்கு டாக்டரே தலையாட்டினார். ஒரு வயதுக்குள் என்றால் பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரும் பயம், தொடவே கூடாது. ஆவி பிடிப்பது வேண்டாம், வெந்நீர் கொட்டிச் சுட்டுக்கொண்டு வரும் குழந்தைகள் அதிகம் என்றார். கற்பூரம் காய்ச்சின எண்ணெய் என்று நான் ஆரம்பித்ததும் அவர் முகமே மாறிவிட்டது. கற்பூரம் கொஞ்சம் வாய்க்குள் போனாலும் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். அம்மா இதைக் கேட்டு, "உன்னை எல்லாம் நான் எப்படி வளத்தேன்?" என்றாள். நியாயமான கேள்விதான்.

மருந்துக்குப் பதிலாக இங்கே கையில் கொடுப்பது கேள்விகளை. 811 என்ற எண்ணைச் சுழற்றினால், ராத்திரி எந்நேரமும் ஒரு நர்ஸ் எடுத்து நிதானமாகக் கேட்பார். தண்ணி இறங்குகிறதா? கடைசியாக டயபர் எப்போது நனைந்தது? அழும்போது கண்ணீர் வருகிறதா? மூச்சு விடும்போது விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறதா? காய்ச்சல் கொஞ்சம் இறங்கினால் விளையாடுகிறானா, அப்போதும் துவண்டே கிடக்கிறானா? மூன்று மாதத்துக்குள் இருக்கும் பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கேள்வியே இல்லை, உடனே கிளம்பு. மற்றபடி தெர்மாமீட்டர் காட்டும் எண்ணைவிட பிள்ளை எப்படி இருக்கிறான் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். முதல் இரண்டு தடவை எரிச்சலாக வந்தது. போகப்போக, போனைத் தொடாமல் நானே இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். சட்டையைத் தூக்கி மொபைல் வெளிச்சத்தில் விலாவைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுப்பேன். ஒன்றும் செய்யாமல் இருப்பது இவ்வளவு வேலை என்று அதற்கு முன் தெரியாது.

அந்தக் கேள்விகள் கைகொடுத்தது ஜனவரியில் ஒரு ராத்திரி. கணவர் கிடங்கில் நைட் ஷிப்ட். சாயங்காலம் வெறும் மூக்கொழுகலோடு படுத்த சின்னவன், நடுச்சாமத்தில் எழுந்து நாய் குரைப்பதுபோல இருமினான். இருமலுக்கு நடுவே மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு கீச்சுச் சத்தம். அழ அழச் சத்தம் கூடியது. நான் போனை எடுப்பதற்குள் படியில் காலடி கேட்டது. மேல்வீட்டு அக்கா நைட்டிமேல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன பிள்ளை, பெடியன் இருமுற சத்தம் மேல வரைக்கும் கேக்குது. வடிவாப் போர்த்திக் கொண்டுபோய்க் கதவடியில நில்லும். குளிர்காத்துப் பட்டாத் தொண்டை இளகும். என்ட ரெண்டாவதுக்கும் இப்பிடித்தான் வந்தது."

குளிர்காற்றா? காதில் பஞ்சு வைத்து, தலைக்குக் குல்லா மாட்டி, ஃபேனை அணைத்து வளர்ந்த எனக்கு அது கொலைபாதகமாகத் தோன்றியது. ஆனால் அவர் சொன்ன தொனியில் சந்தேகமே இல்லை. போர்வையில் சுற்றிக்கொண்டு பக்கவாசலைத் திறந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவன் அழுகை தணிந்தது, கீச்சுச் சத்தமும் குறைந்தது. முழுக்க நிற்கவில்லை. நெஞ்சுக்குழி இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. "சரி, வெளிக்கிடுவம். நான் காரை எடுக்கிறன்" என்றார் அக்கா. அவர் கணவர் கீழே வந்து தூங்கும் மகளுக்குக் காவலாக உட்கார்ந்தார். அக்கா காரில் பேரனுடைய சீட் இருந்தது. அந்த அவசரத்திலும் அவர் சின்னவனின் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றி, பெல்ட்டை உடம்போடு ஒட்டிப் போட்டு, அதற்குமேல் போர்வையைப் போர்த்தினார். ஜாக்கெட்டோடு பெல்ட் போட்டால் மோதும்போது பஞ்சு நசுங்கிப் பெல்ட் தொளதொளவென்று ஆகிவிடும், பிள்ளை நழுவிவிடும்.

ஆஸ்பத்திரியில் குரூப் (croup) என்றார்கள். குரல்வளையைச் சுற்றி வீங்குகிற ஒரு வைரஸ் தொற்று, சின்னக் குழந்தைகளுக்குத்தான் வரும், ராத்திரியில்தான் முற்றும். டெக்ஸாமெதசோன் என்று ஒரு மருந்து, ஒரே ஒரு வேளை, வாயில் ஊற்றினார்கள். வீக்கம் இறங்கும்வரை சில மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். பணம் எங்கே கட்டணும் என்று பழக்கதோஷத்தில் கேட்டேன். அரசு மருத்துவக் காப்பீட்டின் ஹெல்த் கார்டைக் காட்டியதோடு சரி. புதிதாக வருபவர்களுக்கு, டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் முன்பெல்லாம் அந்தக் காப்பீட்டுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். 2020 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள், எங்கள் அதிர்ஷ்டம். அந்தக் குளிர்காலத்தில் ஒரு டாக்டர் தானாக முன்வந்து மருந்து கொடுத்தது அன்றைக்குத்தான். அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். குளிர்காற்றில் நின்ற கதையை மட்டும் விட்டுவிட்டேன்.

நோயைவிட லீவுதான் ஆளைக் கொன்றது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒன்டாரியோ சட்டப்படி வருடத்துக்கு மூன்று நாள் குடும்பப் பொறுப்பு விடுப்பு, அதுவும் சம்பளம் இல்லாமல். மூன்று நாளை அக்டோபர் மாதமே தின்றுவிடும். டேகேரில் காலையில் விடும்போதே பிள்ளையை ஏற இறங்கப் பார்ப்பார்கள், காய்ச்சல் என்றால் மத்தியானம் போன் வந்துவிடும். ஊரில் என்றால் பாட்டி, சித்தி, பக்கத்து வீடு. இங்கே நானும் அவரும்தான். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்காமல் பிள்ளையைப் பார்ப்பார், நான் ஆபீஸ் முடித்து வந்ததும் அவர் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு மறுபடி கிளம்புவார். வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் "கடைசியா எப்ப டைலனால் குடுத்தே?" என்பது மட்டும்தான்.

டிசம்பரில் நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது. பேஸ்மென்ட் ஜன்னல் தரைமட்டத்தில் இருப்பதால் எங்களுக்கு அதற்கும் முன்பே இருட்டு. குழந்தைகள் அதைப் பொருட்படுத்தவில்லை. முழுநாள் டேகேர் என்றால் தினமும் இரண்டு மணி நேரமாவது குழந்தைகளை வெளியே விளையாட விட வேண்டும் என்பது ஒன்டாரியோ விதி. வானிலை மோசமாக இருந்தால் விலக்கு உண்டு. ஸ்னோபேன்ட், பூட்ஸ், ஜாக்கெட், குல்லா, கையுறை எல்லாம் மாட்டி முடித்ததும் மகள் "பாத்ரூம்" என்பாள். எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி. காற்றோடு சேர்த்து மைனஸ் 28-க்குக் கீழே போனால் திறந்திருக்கும் தோல் பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் உறைந்துவிடலாம். அப்படிப்பட்ட நாளில் மட்டும் பேசாமல் உள்ளேயே இருந்தோம்.

2025 பிப்ரவரியில் ஒரே வாரத்துக்குள் இரண்டு பெரிய பனிப்புயல். இரண்டாவது, குடும்ப தினம் என்ற பிப்ரவரி விடுமுறைக்கு முந்தைய சனி ஞாயிறில். பெயருக்கு ஏற்றபடி குடும்பமே வாந்தியில் படுத்தது. நாலு பேரும் ஒரே பாத்ரூமுக்கு வரிசை, வெளியே முழங்காலுக்கு மேல் பனி, கடைக்குப் போக வழியில்லை. அக்கா அரிசிக் கஞ்சியையும் கொத்தமல்லி அவித்த தண்ணீரையும் படியில் வைத்துவிட்டு, "கிட்ட வரமாட்டன், எனக்கும் பேரன் இருக்கிறான்" என்று மேலிருந்தே குரல் கொடுத்தார். சரியானதும் இடியப்பமும் சொதியும் வந்தன. நடைபாதையோரம் குவிந்த பனி வாரக்கணக்கில் கரையவில்லை. ஸ்ட்ரோலரை அதன்மேல் தூக்கித் தூக்கி வைத்து என் முதுகு போனது தனிக் கதை.

இப்போது அடுத்த குளிர்காலத்துக்குத் தயாராகிறோம். ஃப்ளூ ஊசியை இந்த முறை நேரத்தோடு போட்டுவிடலாம். போன வருடம் முதல் தடவை என்பதால் இரண்டு பேருக்கும் நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ், இனி வருடத்துக்கு ஒன்று போதும். அம்மாவுக்கு, இங்கே இருப்பவர்களின் பெற்றோருக்கான சூப்பர் விசா எடுத்தாகிவிட்டது. ஒரு தடவை வந்தால் ஐந்து வருடம் வரை இருக்கலாம். மே மாதம் வா, பூ பூத்திருக்கும், ஊர் சுற்றலாம் என்றேன். "பூவைப் பாக்கவா வரேன்? புள்ளைங்களுக்கு முடியாம இருக்கிறப்ப வரேன்" என்று நவம்பருக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டாள். மேல்வீட்டு அக்காவோடு வீடியோவில் அறிமுகமும் ஆகிவிட்டது. இருவரும் சுக்கு, மிளகு, திப்பிலி என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். பெட்டியில் என்னென்ன வருகிறது என்று கேட்டால் அம்மா பேச்சை மாற்றுகிறாள். கற்பூரம் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் பெட்டியை நான்தான் முதலில் திறக்கப்போகிறேன்.