மொய் நோட்டில் தொடங்கிய கல்யாண வேலை

என் கல்யாண நிச்சயம் முடிந்து சம்பந்தி வீட்டார் வேன் ஏறியதும் எல்லோரும் என்னிடம் கேட்டது சேலையைப் பற்றித்தான். காஞ்சிபுரமா, திருபுவனமா? போட்டோவுக்கு யார்? மேக்கப்புக்குச் சொல்லிவைத்தாயா? கல்யாண வேலை அங்கே தொடங்குவதில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ‘எத்தனை இலை விழும்?’ என்ற கேள்விக்குப் பதில் தெரியாதவரை மண்டபமும் நகராது, சமையலும் நகராது, பணப் பேச்சும் நகராது.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குப் பக்கம். மாப்பிள்ளை வீடு திருச்சி. இரண்டு பேருக்கும் வேலை கோயம்புத்தூரில். ஆனி முதல் வாரத்தில் நிச்சயம், தையில் கல்யாணம் என்று பேச்சு. கேட்பதற்கு ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறது. ஆனால் ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்குக் கை வைக்க மாட்டார்கள். அதைக் கழித்துவிட்டால் ஆவணி, ஐப்பசி, கார்த்திகைதான் கையில் மிஞ்சும். அதனால் ஆடி பிறப்பதற்குள் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாக வேண்டும் என்று அப்பா முடிவாக இருந்தார். எவ்வளவு பெரிய மண்டபம் என்று கேட்டபோது அவர் பீரோவைத் திறந்து மொய் நோட்டுகளை எடுத்தார்.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் மொய் வாங்குவதற்காகவே நடத்தும் மொய் விருந்து பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். விருந்து வைக்காத வீட்டிலும் மொய் நோட்டு இருக்கும். யார் எந்த விசேஷத்துக்கு வந்தார்கள், எவ்வளவு செய்தார்கள், நாம் திருப்பி எவ்வளவு செய்தோம் என்று ஊர் வாரியாக எழுதிய கணக்கு அது. எங்கள் வீட்டில் அக்கா கல்யாணத்து நோட்டு, எனக்குக் காது குத்திய நோட்டு, வீடு குடிபோன நோட்டு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அழைப்புப் பட்டியலுக்கு இதைவிட நல்ல ஆதாரம் எதுவும் கிடையாது. மனதில் தோன்றும் பெயர்களை எழுதினால் நெருங்கியவர்கள் மட்டும்தான் வருவார்கள். நோட்டைப் புரட்டினால்தான் நமக்காக ஒருமுறை பஸ் ஏறி வந்தவர்கள் எல்லோரும் வருவார்கள்.

அப்பா பென்சிலோடு உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு பெயராக வாசித்தேன். சிலர் இறந்துவிட்டார்கள், பிள்ளைகள் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். ஒரு பெயருக்கு நேரே ஐம்பது ரூபாய் என்று இருந்தது. “இது யாருப்பா?” என்றேன். “கஜாவுல நம்ம கொட்டகை பறந்துச்சே, அப்ப கூப்பிடாமலே வந்து கீத்து கட்டிக் கொடுத்த அண்ணன்மா. வீட்டோட கூப்புடணும்” என்றார். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் எங்கள் தோப்பில் பாதித் தென்னை சாய்ந்தது. அந்த அண்ணன் வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. தொகையைப் பார்த்துப் பட்டியல் போட்டிருந்தால் அவர் பெயர் கடைசியில் நின்றிருக்கும். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நோட்டை வாசித்த மாலைகளுக்காகவே நான் இந்தக் கல்யாண வேலையை நேசிக்கிறேன்.

பெயர்களை மூன்றாகப் பிரித்தோம். வீட்டோடு வருகிறவர்கள், வீட்டுக்கு ஒருவர் வருகிறவர்கள், பத்திரிகை மட்டும் போகிறவர்கள். ஒரு பத்திரிகைக்கு ஒரு இலை என்ற கணக்கு உதவாது. பங்காளி வீடு என்றால் ஒரு பத்திரிகைக்கு ஐந்து இலை கூட விழும். அலுவலக நண்பர்கள் பத்துப் பேருக்கு மூன்று பேர் வருவார்கள். எங்கள் பக்கம் 550, மாப்பிள்ளை வீட்டார் 200 என்று வந்தது. கொஞ்சம் தாராளமாக 800 இலை என்று வைத்துக்கொண்டோம். இதே 800 முதல்நாள் இரவுச் சாப்பாட்டுக்கு வராது, காலை டிபனுக்கும் வராது. ஒவ்வொரு வேளைக்கும் தனியாக எழுதிக்கொண்டோம்.

அடுத்தது பணப் பேச்சு. இதைத்தான் பல வீடுகளில் தள்ளிப்போடுகிறார்கள், தயவுசெய்து தள்ளாதீர்கள். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா, “உங்க பொண்ணுக்கு நீங்க செய்யிறதைச் செய்யுங்க” என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்ட அம்மாவுக்கு அன்றிரவு தூக்கமில்லை. எவ்வளவு செய்தால் போதும் என்று அந்த வாக்கியத்தில் எங்கேயும் இல்லையே! நான் மாப்பிள்ளையிடம் போனில் நேராகவே கேட்டேன். அவர் தன் அம்மாவிடம் பேசிவிட்டு மறுநாள் அழைத்தார். “நாம கோயம்புத்தூர்ல வாடகை வீட்டுலதான் இருக்கப் போறோம். கட்டில், பீரோ, அண்டா, குண்டான் எதுவும் வேண்டாம்னு அம்மாவே சொல்லிட்டாங்க. உங்க அப்பாகிட்ட மாமா பேசுவார்.” மாமா பேசினார். கல்யாணத்தன்றைய சாப்பாட்டுச் செலவு பாதிப் பாதி, திருச்சி வரவேற்பு முழுக்க அவர்கள் செலவு, தாலியும் கூறைப்புடவையும் அவர்கள் பொறுப்பு, எனக்குப் போடும் நகை எங்கள் விருப்பம். அப்பா போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு அம்மாவைக் கூப்பிட்டு ஒரு டீ கேட்டார்.

பெண்ணுக்குக் கொடுக்கும் பொருட்களைப் பட்டியலிட்டுக் கையெழுத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1985-லேயே விதி வந்திருக்கிறது. நகை, பாத்திரம், எது யார் கொடுத்தது என்று ஒரு தாளில் எழுதி வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் எழுதப் போகிறேன்.

தேதிக்கு ஒரு யோசனை. ஜோசியரிடம் ஒரே நாளைக் குறித்து வாங்காதீர்கள், மூன்று நாள் கேளுங்கள். எங்களுக்கு ஞாயிறு, புதன், வெள்ளி என்று மூன்று வளர்பிறை முகூர்த்தங்கள் கிடைத்தன. ஞாயிறு என்றால் வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி, ஆனால் தை ஞாயிறுகளில் நல்ல மண்டபங்கள் ஏற்கெனவே போய்விட்டன. வெள்ளியன்று 10:30-க்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதனால் 9 முதல் 10:30-க்குள் முகூர்த்தம். அதையே எடுத்தோம். வெள்ளி இங்கே கல்யாணம், ஞாயிறு திருச்சியில் வரவேற்பு என்று இரண்டும் ஒரே வாரக் கடைசியில் அமைந்துவிட்டது.

மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் மேடை அலங்காரத்தைப் பார்ப்பதற்கு முன் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போங்கள். ஒரு பந்திக்கு 200 பேர் உட்காரலாம் என்றால் 800 இலைக்கு நான்கு பந்தி. ஒரு பந்தி சாப்பிட்டு எழுந்து, இலை எடுத்து, மேசை துடைத்து, அடுத்த இலை போட முக்கால் மணி நேரம் பிடிக்கும். பத்தரைக்குத் தொடங்கினால் ஒன்றரை ஆகிவிடும். 120 பேர் உட்காரும் கூடம் என்றால் கடைசிப் பந்திக்காரர் மூன்று மணிக்குத்தான் உட்காருவார், அப்போது மண்டபத்துக்காரர் சாவியோடு நிற்பார். வயதானவர்களைப் பசியோடு காக்கவைக்கும் கல்யாணம் எவ்வளவு அழகாக நடந்தாலும் எனக்கு அது கல்யாணமாகத் தெரியாது.

வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. நாங்கள் பார்த்த ஒரு மண்டபத்தில் சொன்ன வாடகை குறைவு. துருவிக் கேட்டபோதுதான் கரண்டுக்கு யூனிட் கணக்கில் தனி, ஜெனரேட்டர் டீசல் தனி, துப்புரவுக்குத் தனி, அறைக்குத் தனி, வெளி டெகரேஷன்காரர் வந்தால் அதற்கும் தனி என்று வந்தது. ஜிஎஸ்டி பில் போடுகிற மண்டபம் என்றால் வாடகைக்கு மேல் 18 சதவீதம். எல்லாவற்றையும் கூட்டினால் பக்கத்துத் தெருவில் அதிக வாடகை சொன்ன மண்டபமே மலிவு. முதல்நாள் எத்தனை மணிக்குச் சாவி தருவார்கள், அன்று காலை அங்கே வேறு விசேஷம் உண்டா, சமையலுக்கு நம் ஆளை வைக்கலாமா என்பதையும் கேட்டு, முன்பண ரசீதின் பின்னாலேயே எழுதி வாங்கிக்கொண்டோம்.

மண்டபம் முடிந்த கையோடு மேளத்துக்குச் சொல்லிவிடுங்கள். போட்டோகிராபர் பலர் இருக்கிறார்கள். நல்ல நாதஸ்வரம், தவில் செட் முகூர்த்த நாளில் கிடைப்பது கடினம். தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு ரெக்கார்டு போட்டுத் தாலி கட்டுவதை அப்பா ஏற்கவே மாட்டார், நானும்தான்.

சமையலுக்கு இரண்டு வழி. மாஸ்டர் கொடுக்கும் மளிகை லிஸ்டுக்கு நாமே சாமான் வாங்கிக் கொடுத்துக் கூலி தருவது ஒன்று, இலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுவது இன்னொன்று. முதல் வழியில் செலவு குறையும், ஆனால் காய்கறி, பால், கேஸ், இலை என்று ஓட வீட்டில் இரண்டு ஆட்கள் வேண்டும். சித்தப்பா முன்வந்ததால் முதல் வழி. தேங்காய் எங்கள் தோப்பிலேயே இருக்கிறது.

நகைக்கு அவசரப்படவில்லை. விலை ஏறுவதைப் பார்த்து அம்மா பதறியதால் ஆடிப்பெருக்கன்று கொஞ்சம், ஆவணியில் கொஞ்சம் என்று பிரித்து வாங்குகிறோம். 916 முத்திரையோடு, ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாக இருக்கும் ஹெச்யூஐடி என்ற ஆறு இலக்க அடையாளக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் அது இல்லாமல் விற்கக் கூடாது. கிராம் விலை எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒன்றுதான், பேரம் பேச வேண்டியது சேதாரத்தில். கூறைப்புடவைக்கு இரு வீட்டுப் பெண்களும் சேர்ந்து ஐப்பசியில் திருபுவனம் போவதாக ஏற்பாடு.

இப்போது பத்திரிகை மாதிரியில் நிற்கிறோம். குலதெய்வம் பெயர் முதலில், அதில் சிக்கலில்லை. இரண்டு தாய்மாமன்களில் யார் பெயர் முன்னே என்று வந்தபோது அம்மா, “மூத்தவன் முன்னாடி, அவ்வளவுதான்” என்று முடித்துவிட்டார். எங்கள் இருவர் பெயரையும் இனிஷியலையும் ஆதாரில் உள்ளபடியே போடச் சொல்லியிருக்கிறேன். தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டம் 2009-ன்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், விட்டால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரிகையையும் கேட்பார்கள். அதில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பதிவின்போது விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அச்சுக்குப் போகும் முன் அவர் ஒருமுறை, நான் ஒருமுறை, அப்பா ஒருமுறை படிப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.