டயர் வாங்கப் போன கதை

போன மாதம் வால்பாறையிலிருந்து இறங்கும்போது, தூறல் விழுந்த ஒரு கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் ஸ்விஃப்ட் ஒரு கணம் நேராகவே போனது. ஒன்றும் ஆகவில்லை. வீட்டம்மாதான் ஆழியாறு வரும்வரை வாயே திறக்கவில்லை.

கீழே வந்து பார்த்தால், டயரின் காடிக்குள் தேய்மானம் காட்ட வைத்திருக்கும் 1.6 மி.மீ. மேட்டுக்குச் சமமாக பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர், தேய்ந்து கிடக்கிறது.

ஆசைக்கு 17 இஞ்ச் அலாய் வீல் விசாரித்தேன். விலையைக் கேட்டதும் ஆசை இறங்கிவிட்டது. ரிம் பெரிதாகி டயரின் பக்கச்சுவர் உயரம் குறைந்தால் நம்ம ஊர் குழிகளுக்கு ரிம்தான் முதலில் அடிவாங்கும் என்பது வேறு. கடைசியில், வண்டியோடு வந்த 185/65 ஆர்15-க்குப் (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், ரிம் 15 இஞ்ச்) பதில் அதே ரிம்மில் 195/60 ஆர்15. விட்டம் ஆறரை மி.மீ.தான் குறைகிறது, ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. லோடு எண் அதே 88, அதாவது ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். ரிம் செலவு மிச்சம்.

முதல் கடையில் நல்ல தள்ளுபடி. மினுமினுவென்று பாலிஷ் வேறு. பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன், 1421. அதாவது 2021-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம் தயாரித்தது. "புதுசுதான் சார், ஒரு கிலோமீட்டர்கூட ஓடல" என்றார். ஓடவில்லைதான், ரப்பருக்கு வயசாகாதா? சரிங்க என்று கிளம்பிவிட்டேன்.

அடுத்த கடையில் மூன்று மாதச் சரக்கு கிடைத்தது. மென்மையான ரப்பர், பிடி நன்றாக இருக்கிறது, சீக்கிரம் தேயும். பரவாயில்லை.

அடுத்த மழைக்கு மறுபடி வால்பாறை. வீட்டம்மா பஸ்ஸில் வருகிறாராம்.