குன்றத்தூரில் சேக்கிழார் தரிசனம்

குன்றத்தூருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மலை முருகனுக்காக வருகிறார்கள்; மற்றவர்கள் ராகு பரிகாரத்துக்கு. இரண்டும் நல்லதே. ஆனால் இது பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பெருமான் அவதரித்த மண். அவரைக் கும்பிடாமல் திரும்புவது பெரிய குறை.

பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியாக வரலாம். போரூரிலிருந்து வந்தால் கெருகம்பாக்கம் கேது தலமும் கோவூர் புதன் தலமும் வழியிலேயே இருக்கின்றன. முதலில் போகவேண்டியது குன்றத்தூரின் ராகு தலமான வடநாகேஸ்வரம். கும்பகோணம் அருகேயுள்ள திருநாகேஸ்வரத்துப் பெருமான்மேல் சேக்கிழாருக்கு அத்தனை ஈடுபாடு. சொந்த ஊரிலும் அதே பெயரில் ஒரு கோயில் எழுப்பினார். சுவாமி நாகேஸ்வரர், அம்பாள் காமாட்சி. சேக்கிழாருக்கு இங்கே தனிச் சன்னிதி உண்டு.

ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம். பாலபிஷேகத்துக்குக் கூட்டம் நெரியும். அபிஷேகம் செய்கிறவர்கள் 4 மணிக்கே வந்து சீட்டு வாங்கிவிட வேண்டும். தொடங்கிய பிறகு வந்தால் வரிசையின் கடைசிதான். அந்த நெரிசலில் பலர் சேக்கிழார் சன்னிதியைக் கவனிக்காமலே வெளியேறிவிடுகிறார்கள். பரிகாரம் இல்லாதவர்கள் வேறொரு நாள் காலையில் வருவதே உத்தமம்.

சன்னிதியில் கைகூப்பும்போது அவர் யார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தொண்டை நாட்டு வேளாளரில் பேர்பெற்ற சேக்கிழார் குடியில் பிறந்தவர், இயற்பெயர் அருண்மொழித்தேவர். சோழ மன்னன் கேட்ட மூன்று கேள்விகளுக்கு விடை தந்ததால் அரசவைக்கு அழைக்கப்பட்டார் என்பது வழிவழி வரலாறு. மலையினும் பெரியது எது, கடலினும் பெரியது எது, உலகினும் பெரியது எது என்ற கேள்விகள். மூன்றுக்கும் குறளையே விடையாக எழுதி அனுப்பினார். மலைக்கு அவர் எடுத்தது ‘நிலையில் திரியாது அடங்கியான் தோற்றம்’ என்ற 124-ஆம் குறள்; தன் நிலையிலிருந்து மாறாமல் அடங்கி நடப்பவனின் உயர்வு மலையைவிடப் பெரிது என்பது பொருள். பதவிக்கு வருமுன் எழுதிய அந்த விடைப்படியே பதவியிலும் நின்றார்.

அநபாயன் என்னும் இரண்டாம் குலோத்துங்கனுக்கு முதலமைச்சர். உத்தமசோழப் பல்லவராயன் என்று பட்டம். மன்னன் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியில் மூழ்கிக் கிடந்தபோது, இது மறுமைக்கு உதவாது, அடியார் வரலாற்றைக் கேளுங்கள் என்று நேருக்கு நேர் சொன்னார். மன்னனுக்குப் பிடித்ததைப் பிடிக்கவில்லை என்று சொல்ல எத்தனை அமைச்சர்களுக்குத் துணிவு வரும்? தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்குப் போய், ‘உலகெலாம்’ என்று இறைவன் அடியெடுத்துக் கொடுக்க, பெரியபுராணத்தைப் பாடி முடித்தார். ஆயிரங்கால் மண்டபத்தில் ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கிய விளக்கவுரை மறு சித்திரைத் திருவாதிரையில்தான் நிறைவுற்றது. மன்னன் அவரை யானைமேல் ஏற்றித் தானே பின்னிருந்து கவரி வீசினான். அதற்குப் பிறகும் அவர் அதிகாரத்துக்குத் திரும்பவில்லை. பதவி தம்பி பாலறாவாயருக்குப் போயிற்று. இவர் தில்லையிலேயே தங்கிவிட்டார். ஊர் ஊராக நாயன்மார்களின் நிலமும் தொழிலும் அவர் பாட்டில் அவ்வளவு துல்லியமாக வருவதற்கு நாடாண்ட அனுபவமே காரணம் என்பது எங்கள் எண்ணம்.

சன்னிதியில் ‘உலகெலாம் உணர்ந்து ஓதற்கு அரியவன்’ பாட்டை முழுதாகச் சொல்லுங்கள். நான்கே அடிதான். மனப்பாடம் இல்லாதவர்கள் தாளில் எழுதி எடுத்து வரலாம். கைப்பேசியைத் தடவிக்கொண்டு நின்றால் பின்னால் இருப்பவர்களுக்குத் தொந்தரவு.

அடுத்து மலை. 84 படிகள். வெயில் ஏறினால் கருங்கல் காலைச் சுடும். பத்து மணிக்குள் ஏறி இறங்கிவிடுங்கள். முருகன் வடக்கு நோக்கி நிற்கிறார். நேரே நின்றால் சுவாமி மட்டும் தெரிவார். ஒரு பக்கம் நகர்ந்தால் வள்ளியும், மறுபக்கம் நகர்ந்தால் தெய்வானையும் தெரிவார்கள். நடுவில் மட்டும் கும்பிட்டு வந்துவிட்டால் இது தவறிப்போகும். கூட்ட நாளில் நகர்ந்து பார்க்க விடமாட்டார்கள். கிருத்திகை, சஷ்டியைத் தவிர்த்து வந்தால் நிதானமாகப் பார்க்கலாம்.

சேக்கிழார் குருபூசை வைகாசிப் பூசத்தன்று. பஞ்சாங்கத்தில் மாதத்தையும் நட்சத்திரத்தையும் சேர்த்துப் பாருங்கள்; தைப்பூசத்தோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு.