மாலை வகுப்புக்கு நிதி கேட்டபோது

எங்கள் டிரஸ்ட் நடத்தும் மாலை வகுப்புக்கு ஒரு நிறுவனத்திடம் சி.எஸ்.ஆர். நிதி (நிறுவனங்கள் சமூகப் பணிக்கென ஒதுக்கும் பணம்) கேட்டு ப்ரொபோசல் எழுதும் வேலை என்னிடம் வந்தது. 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள், சி.எஸ்.ஆர். நிதி பெறும் அமைப்புகளுக்கு 2021 ஏப்ரலிலிருந்து கட்டாயமான சி.எஸ்.ஆர்.-1 பதிவு எல்லாவற்றையும் ஆடிட்டர் பார்த்துக்கொண்டார். என்னை இழுத்தடித்தது குறிக்கோள் என்ற அரைப் பக்கம்தான்.

பழைய விண்ணப்பங்களில் "கல்வித் தரத்தை உயர்த்துதல்", "தினமும் வகுப்பு நடத்துதல்" என்றெல்லாம் இருந்தது. முதலாவதை யாராலும் அளக்க முடியாது. இரண்டாவது, நாம் செய்யும் வேலை. வருடம் முழுக்க வகுப்பு நடந்தும் ஒரு பிள்ளைகூட வாசிக்கப் பழகாமல் போகலாம். அப்போதும் குறிக்கோள் நிறைவேறியதாகத்தானே கணக்கு?

அதனால் எழுதுவதை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் இப்போது எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தோம். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, பிள்ளைகளின் வாசிப்பை அளக்க நடத்தும் அசர் கணக்கெடுப்பின் வாசிப்புத் தாள் தமிழிலும் இருக்கிறது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒன்றாம் வகுப்பு அளவிலான பத்தியைக் கொடுக்க வேண்டும். வாசித்தால் இரண்டாம் வகுப்புக் கதை; தடுமாறினால் சொல், அப்புறம் எழுத்து. சில நிமிடம் போதும். சோதனை என்றால் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்றார் வகுப்பெடுக்கும் அக்கா. மதிப்பெண் இல்லை என்றதும் வரிசையில் முண்டியடித்தார்கள்.

கடைசியில் வந்த வரி இது: "ஜூன் சோதனையில் சொல் நிலையிலோ அதற்குக் கீழோ இருந்த 3 முதல் 5ஆம் வகுப்புப் பிள்ளைகளில் 60 சதவீதம் பேர், அடுத்த மார்ச்சுக்குள் இரண்டாம் வகுப்புக் கதையைத் தடையில்லாமல் வாசிப்பார்கள்."

100 சதவீதம் என்று போட்டால்தான் மதிப்பு என்று கமிட்டியில் பேச்சு வந்தது. எங்கள் ஊரில் பொங்கல் முடிந்ததும் சில குடும்பங்கள் பிள்ளைகளோடு செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடும். அவர்களைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டால் சதவீதம் அழகாக ஏறும், சேர்த்தால் இறங்கும். இரண்டு கணக்கையும் தனித்தனியாகத் தருவோம் என்று எழுதினேன். 60 என்பது அவர்களையும் சேர்த்த கணக்கு.

குறிக்கோள் எழுத ஸ்மார்ட் என்று எல்லோரும் சொல்லும் முறையை ஜார்ஜ் டோரன் 1981இல் எழுதியபோது, அதில் யார் பொறுப்பு என்பதும் ஓர் அம்சம். அது எனக்குப் பிடித்திருந்ததால் ஒவ்வொரு குறிக்கோளுக்கும் எதிரே பொறுப்பாளரையும் பட்ஜெட் வரியையும் போட்டேன். 'பெற்றோர் விழிப்புணர்வு' என்ற மூன்றாவது குறிக்கோளுக்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை. செயலாளருக்கு வருத்தம்தான், ஆனாலும் அடித்துவிட்டோம்.

நிறுவனத்திலிருந்து ஒப்புதல் வந்தது, ஓர் ஆசிரியருக்கான சம்பளத்தை நீக்கிவிட்டு. சரி, அந்த ஆசிரியருக்கான பிள்ளைகளையும் குறைத்துக்கொள்கிறோம் என்று பதில் எழுதினோம். மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். 60 சதவீதம் அப்படியே நின்றது.